பழைய பத்மினியின் துருவை வேரோடு எடுப்பது: முழுமையான வழிகாட்டி

வாங்கிய புதிதில் என் பிரீமியர் பத்மினி காரின் இடது பக்க ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி) கண்ணாடி மாதிரி இருந்தது. விற்றவர் அதைத் தடவித் தடவிக் காட்டினார். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பின் சக்கரத்துக்கு முன்னால் உளுந்தம்பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம். நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் உரிந்தது. அதன் கீழே பட்டி (பள்ளம் மறைக்கப் பூசும் மாவு), விரல் தடிமனுக்கு. பட்டிக்குப் பின்னால், குழாய் ஒழுகலை அடைக்கிற பசை. அதற்கும் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். தகடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. செய்தித்தாளில் தேதி மட்டும் நன்றாகத் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாடி வேலை செய்கிற ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பட்டி போடணும்னாலும் அது ஒட்டுறதுக்குத் தகடு வேணும்ல?" என்றார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதும், நானே கெடுத்துத் திருத்தியதும்தான் கீழே உள்ளது. உதாரணம் முழுக்க பிரீமியர் பத்மினிதான். அம்பாசடருக்கும் இதே முறைதான் பொருந்தும். இரண்டிலும் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் வண்டியின் எலும்பு. நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். அதில் சேஸிஸ் தனி, பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

துருவைப் பார்த்ததும் கிரைண்டரைத் தேடாதீர்கள். முதலில் தண்ணீரைத் தேடுங்கள். இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் கூடினால் அந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும், அரிப்பும் வேகம் பிடிக்கும். திருவான்மியூரிலோ எண்ணூரிலோ வண்டி நிறுத்துகிறவருக்கு மழையே தேவையில்லை. கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு, ராத்திரிப் பனியில் தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தைக் கழுவிவிடுகிறோம். உள்ளே போன உப்பை யாரும் கழுவுவதில்லை.

பத்மினியில் தண்ணீர் தங்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். முன் கண்ணாடி பீடிங் (ஓரத்து ரப்பர்) காய்ந்து வெடித்திருக்கும். அந்த வழியாக இறங்கும் நீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடி டிரைவர் காலடியில் தேங்கும். மேலே ரப்பர் மேட் காய்ந்தே இருக்கும், அடியில் இருக்கும் ஃபெல்ட் மட்டும் மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கும். டிக்கி பீடிங் போனால் ஸ்டெப்னிக்குக் கீழே இதே கதை. முன் மட்கார்டின் உள்ளே, ஹெட்லைட்டுக்குப் பின்புறமும் கதவை ஒட்டிய மூலையிலும், டயர் வாரியிறைக்கும் சேறு அப்பிக்கொண்டு காயாமலே கிடக்கும். பேட்டரித் தட்டைத் தின்பது தண்ணீர் இல்லை, வழிந்த ஆசிட்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறைய பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கதவுக்குள் தண்ணீர் போவது குறையே இல்லை. இறங்கி ஏறும் கண்ணாடியை ஒட்டி மழைநீர் உள்ளே போகத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடி விளிம்பில் துளைகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கும்போதும் அந்தத் துளையில் கொஞ்சம் பட்டி, கொஞ்சம் பெயிண்ட். மூன்றாவது பெயிண்டில் துளை மூடிவிடும். அதன் பிறகு கதவு ஒரு தொட்டி. ஒரு ஊக்கு கையில் இருந்தால் இன்றைக்கே போய்க் குத்திப் பாருங்கள், செலவில்லாத வேலை.

ஒழுகலைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். சீட்டையும் மேட்டையும் ஃபெல்ட்டையும் எடுத்துவிட்டு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலாக, ஒரு இடத்துக்கு நாலைந்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நனைந்து எது காரணம் என்றே தெரியாது. ஒழுகும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வெல்டிங் வைத்தால் புதுத் தகட்டுக்கும் அதே தண்ணீர்தான் காத்திருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கணக்கே வேறு. பூட்டிய பெட்டிகளுக்குள் வண்டல் புகுந்து படிந்திருக்கும், அது காய்ந்தாலும் ஒவ்வொரு மழைக்கும் ஈரம் பிடிக்கும். அந்த மாதிரி வண்டியை வாங்குவதற்கு முன் ரன்னிங் போர்டின் அடித்துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். மண் வந்தால் விலையைப் பேசுங்கள், இல்லை கிளம்புங்கள்.

தட்டிப் பார்த்தல்

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு பாடி முழுக்க நகர்த்துங்கள். நல்ல தகட்டில் பிடித்து இழுக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் நழுவும். நழுவுகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீர் என்று சொல்லும், பட்டி தொப்பென்று சொல்லும். வண்டிக்கு அடியில் கருப்பு அண்டர்கோட்டிங் அடித்த இடங்களில் கைப்பிடி போதாது, முனையால் அழுத்த வேண்டும். பளிச்சென்று புதுசாக அண்டர்கோட்டிங் அடித்து விற்பனைக்கு வரும் பழைய வண்டியை நான் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

கிடைப்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலோட்டமான செம்மண் நிறத் துரு, தேய்த்தால் அடியில் வெள்ளைத் தகடு தெரியும். இரண்டாவது, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தது. மூன்றாவது, ஓட்டை, அல்லது அழுத்தினால் ஓட்டையாகப் போவது. முதல் இரண்டையும் ஆசிட், பிரைமரோடு முடிக்கலாம். மூன்றாவதுக்கு வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. ஓட்டைமேல் ஃபைபர் துணி ஒட்டுவது, அலுமினியத் தகட்டை ரிவெட் அடிப்பது எல்லாம் விற்பதற்கான வேலை. அதிலும் இரும்பின்மேல் அலுமினியம் சேர்த்து ஈரம் பட்டால், இரும்பை வைத்தே அலுமினியம் வேகமாக அரிபடும்.

ஸ்பாட் வெல்டிங் வைத்த இரண்டு தகடுகளுக்கு இடையே துரு புகுந்திருந்தால் அந்த இணைப்பு வடை மாதிரி உப்பியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உப்பிய இணைப்பை மேலே தேய்த்துப் பயனில்லை. பிரித்தே ஆக வேண்டும்.

எந்த இடத்தை நீங்களே தொடக் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பின் லீஃப் ஸ்பிரிங்கைப் பாடியோடு பிடிக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் உட்காரும் கட்டை, ஸ்டியரிங் பாக்ஸ் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம். இவற்றில் துரு என்றால் அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள். மட்கார்டில் வெல்டிங் சரியில்லை என்றால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில் சரியில்லை என்றால் வண்டி ரோட்டில் திரும்பாது. அடித்த சேஸிஸ் நம்பருக்குப் பக்கத்தில் யாராக இருந்தாலும் கிரைண்டர் வைக்க விடாதீர்கள். எண் அழிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அது உங்கள் வண்டி என்று நிரூபிப்பது தனிப் போராட்டம்.

வண்டியைத் தயார் செய்வது

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். ஆல்டர்னேட்டர் வயரையும் எடுத்துவிடுங்கள், வெல்டிங் கரண்டில் அதன் டையோடு போய்விடும். டிக்கிப் பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். காலி டேங்குதானே என்று நினைக்காதீர்கள். நிறைந்த டேங்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்குதான் வெடிக்கும். சீட், கார்பெட், கதவு அட்டை, தரையில் ஒட்டிய தார் ஷீட், எல்லாம் வெளியே. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில், கூடவே ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும்.

லுங்கி, பாலியஸ்டர் பனியன், ரப்பர் செருப்பு மூன்றும் வேண்டாம். பொறி விழுந்தால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கிரைண்டர் ஓடும்போது மூடிய கண்ணாடி கட்டாயம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகையால் அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் பெயிண்ட் ரிமூவர் போட்டோ தண்ணீர் விட்டோ எடுங்கள், முகக்கவசத்தோடு.

பெயிண்ட் எடுக்க மணல் அடிப்பவர்களிடம் (சாண்ட் பிளாஸ்டிங்) முழு பாடியையும் கொடுப்பவர்கள் உண்டு. அச்சு, பிராக்கெட், சக்கரம் மாதிரி கனமானவற்றுக்கு அது அருமை. பானெட், கூரை, கதவின் வெளித்தகடு மாதிரி அகலமான மெல்லிய தகட்டுக்கு ஆகாது. தகடு நீண்டு அலையலையாகிவிடும், பிறகு கையால் அழுத்தினால் டின் மூடி மாதிரி டக் டக் என்று சத்தம் போடும். அதைத் திருப்பிக் கொண்டுவருவது டிங்கரின் பொறுமையைச் சோதிக்கும்.

சின்னச் சாமான்களுக்கு, அதாவது கீல், பிராக்கெட், பேட்டரி கிளாம்ப் போன்றவற்றுக்கு, எனக்குப் பிடித்தது சலவைச் சோடா முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த சாமான் 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவில், வீணாய்ப்போன இரும்புத் துண்டு ஒன்று பாசிட்டிவில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு ராத்திரியில் துரு கருஞ்சேறாகக் கழன்றுவிடும், நல்ல இரும்பு கரையாது. ஹைட்ரஜன் வரும், ஆகவே மொட்டைமாடியிலோ திறந்த இடத்திலோ வையுங்கள். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போடாதீர்கள், தண்ணீரில் நச்சான குரோமியம் கலக்கும்.

வெட்டுவது

துரு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுவது எல்லாரும் முதல் தடவை செய்யும் தப்பு. நானும் செய்தேன். வெல்டிங் வைத்தால் தகடு உருகி ஓடி ஓட்டை பெரிதானதுதான் மிச்சம். மெலிந்த தகடு வெப்பத்தைத் தாங்காது. துரு முடிந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு அங்குலம் தள்ளி, முழுத் தடிமன் உள்ள தகட்டில் கோடு போடுங்கள். கோடு நேராக இருக்கட்டும், மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில் வெப்பம் குவியும், பின்னால் அங்கிருந்துதான் விரிசலும் கிளம்பும்.

வெட்டுவதற்கு முன் பின்பக்கம் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பிரேக் பைப், வயரிங், பெட்ரோல் லைன். நாலு அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போதும். ஸ்பாட் வெல்டிங் வைத்த விளிம்பை வெட்டாமல் பிரிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பொட்டையும் சுரண்டிக் கண்டுபிடித்து, 8 மி.மீ. டிரில்லால் மேல் தகட்டை மட்டும் துளைத்து, உளி வைத்து நெம்புங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் கம்பெனி வைத்த விளிம்பு அப்படியே கிடைக்கும்.

பழைய துண்டைத் தூக்கிப்போடாதீர்கள். வளைவு, மடிப்பு, பள்ளக்கோடு எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி.

ரன்னிங் போர்டு

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் வண்டிகள் வளைவது இங்கேதான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டி அலங்காரத்துக்கு இல்லை. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைத்துப் பிடிக்கும் உத்தரம் அது. அதை முழுதாக வெட்டினால் பாடி நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் வைத்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரம். பிறகு கதவு சாத்தாது, என்ன செய்தாலும் சாத்தாது.

ஆகையால் கதவுகள் மாட்டியிருக்கும்போதே இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள்: கதவின் முன்பக்கம், பின்பக்கம், அடி. கதவுத் திறப்பின் மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். வண்டியை ஜாக்கியில் நிறுத்தி வேலை செய்யக் கூடாது. நாலு ஸ்டாண்டில், சக்கரங்களுக்கு அருகில் உறுதியான இடத்தில், சமதளத் தரையில் ஏற்றுங்கள். கதவைக் கழற்றிய பின் திறப்புக்குக் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாய் இரண்டைத் தற்காலிகமாக வெல்டிங் வையுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் மறுபக்கம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தபோது வண்டி வாழைப்பழ வளைவில் இருந்தது.

வெளித்தகட்டைத் திறந்ததும் உள்தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் அடி விளிம்பும் போயிருக்கும். உள்ளே சரிசெய்யாமல் வெளியே மூடினால் பிணத்துக்குப் பட்டுச் சேலை கட்டின கதைதான். உள்தகடு, ஜாக்கி போடும் இடத்தின் பலகை, பிறகு வெளித்தகடு என்று உள்ளிருந்து வெளியே வாருங்கள். ஒவ்வொரு முறை வெல்டிங் முடிந்ததும் கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. அலுப்பாக இருக்கும். பரவாயில்லை, மாட்டிப் பாருங்கள். புது ரன்னிங் போர்டின் அடியில் நீர் வடியும் துளைகளை மறக்காதீர்கள்.

ஒட்டுத் தகடு

மாதிரி வெட்ட நல்ல அட்டை வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையைப் போல வளைந்து கொடுக்கிற, அதே நேரம் வடிவம் நிற்கிற அட்டை வேறு கிடையாது. பெரிய துண்டுக்கு நாள்காட்டி அட்டை. ஓட்டைமேல் அட்டையை வைத்துப் பின்னாலிருந்து கோடிழுத்து, வெட்டி, சரியாக உட்காரும்வரை திருத்துங்கள். பிறகு தகட்டில் இறக்குங்கள்.

தகடு வாங்கும்போது சி.ஆர். ஷீட் (கோல்டு ரோல்டு தகடு) என்று கேளுங்கள். பழைய தகட்டின் பெயிண்ட் எடுத்த இடத்தை வெர்னியரில் அளந்து அதே தடிமன் வாங்குங்கள். வெளித்தகட்டுக்கு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ., பொதுவாகச் சரியாக வரும். தரைக்கும் உள்பெட்டிக்கும் 18 கேஜ், 1.2 மி.மீ. கனமாக இருந்தால் பலம் என்று 16 கேஜ் போடுபவர்கள் உண்டு. கனத் தகட்டுக்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்துப் பழைய தகடு தாங்காமல் ஓட்டையாகிவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று கேட்பீர்கள். வெல்டிங் வைக்கும் இடத்தில் அந்தத் துத்தநாகம் புகையாகும், அதைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப்போடும். வெல்டிங்கும் சுத்தமாக விழாது.

ஒட்டுத் தகட்டை ஓட்டைமேல் படுக்கவைத்து வெல்டிங் வைப்பதுதான் சுலபம். ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரு உதடு உண்டாகும், அங்கே தண்ணீர் குந்தும். வெளித்தகட்டில் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் வைக்க வேண்டும், இடைவெளி ஒரு மி.மீ.க்குள். தரையில் மட்டும் மேல்படிய வைக்க அனுமதிப்பேன், இரண்டு பக்கமும் சீலர் (இணைப்பை மூடும் பசை) அடைக்க வழி இருந்தால்.

பக்கத்துப் பட்டறையில் கிடைக்கும் குச்சி வெல்டிங் இந்தத் தகட்டுக்கு ஆகாது. கேட் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் வெல்டிங்கில் பழைய டிங்கர்கள் மாயம் செய்வார்கள். அதன் வெப்பம் அகலமாகப் பரவித் தகட்டை வளைக்கும், ஆனால் வெல்டிங் மென்மையாக இருப்பதால் சுத்தியும் டோலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்துத் தட்டிச் சமன்செய்யலாம். அந்தக் கை பழக்கம் நமக்கு இல்லையென்றால் சி.ஓ.2 வெல்டிங்தான். 0.8 மி.மீ. வயர், குறைந்த கரண்ட். வெறும் கார்பன் டை ஆக்சைடைவிட ஆர்கான் கலந்த கேஸ் மெல்லிய தகட்டில் அமைதியாக எரியும், பொறியும் குறைவு. விலை அதிகம், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். நல்ல வண்டியில் கை வைப்பதற்கு முன், வெட்டிப்போட்ட தகட்டில் ஒரு நாள் முழுக்கப் பழகுங்கள்.

வைக்கும் முறை இதுதான். நாலு மூலையிலும் ஒரு டேக் (சின்னத் துளி வெல்டிங்). பிறகு எதிரெதிராக, ஒரு அங்குலத்துக்கு ஒன்று. பிறகு அந்த இடைவெளிகளின் நடுவே ஒவ்வொன்று. ஒரு டேக் வைத்ததும் அதன் பக்கத்திலேயே அடுத்ததை வைக்காமல் மறுகோடிக்குப் போங்கள். கை வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருங்கள். ஈரத்துணியால் அவசரமாகக் குளிரவைத்தால் தகடு சுருங்கி இழுக்கும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால், நீங்கள் சுத்தமாகச் செய்திருந்தாலும், தகடு அப்பளமாகிவிடும். உள்ளங்கை அளவு ஒட்டுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாய் நாற்பது நிமிடத்தில் முடிப்பார், நடுவில் டீயோடு.

ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில் மேல் தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு, கிளாம்பால் இறுக்கி, துளையை வெல்டிங்கால் நிரப்புங்கள். உள்ளே மறையும் இரண்டு முகங்களிலும் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் முன்கூட்டியே அடித்துவிடுங்கள். பிறகு அங்கே பிரஷ் போகாது.

முடிந்ததும் ஃபிளாப் டிஸ்கால் வெல்டிங் முகட்டை மட்டும் இறக்குங்கள். பக்கத்துத் தகட்டையும் சேர்த்துத் தேய்த்தால் ஒட்டுத் தகட்டைச் சுற்றி மெலிந்த வளையம் விழும், நாலு வருடத்தில் அடுத்த ஓட்டை அங்கேதான். விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ஒரு டேக். கடைசி வெல்டிங் முடிந்து அரை மணி நேரமாவது வண்டியை விட்டுப் போகாதீர்கள். பழைய அண்டர்கோட்டிங்கும் ஃபெல்ட்டும் சத்தமில்லாமல் கனன்று பிறகுதான் தீப்பிடிக்கும்.

குழி விழுந்த துரு

ஒயர் பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்த பின் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைத் தடவுங்கள். வெயிலில் காயவிடாமல், டப்பாவில் சொன்ன நேரம் மட்டும். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி உடனே துடைத்துக் காயவையுங்கள். குழியின் அடியில் கரும்புள்ளி மிச்சமிருந்தால் அதுவும் துருதான், இன்னொரு சுற்று. கை நுழையாத மூலைகளில் மட்டும் டான்னிக் ஆசிட் உள்ள கன்வெர்டர் பயன்படுத்தலாம். அது துருவைக் கருநீலப் படலமாக மாற்றும். உதிரும் துருவின்மேல் தடவினால் படலமும் அதோடு சேர்ந்து உதிரும். கடையில் இதை ஓட்டைக்கும் மருந்து என்று விற்பார்கள்.

பிரைமர், பட்டி, பெயிண்ட்

வெறும் தகட்டை ஒரு ராத்திரிகூடச் சும்மா விடாதீர்கள், சென்னைக் காற்றில் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். தின்னரில் துடைத்து, அன்றைக்கே இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர். நம் பட்டறைகளில் இன்னும் ஓடும் ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி. அதன் படலம் ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸி விடாது. இந்த வேலை முழுவதிலும் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு டப்பா இதுதான். பிரைமர் காய்ந்ததும் எல்லா இணைப்பிலும் சீம் சீலர், அடிப்பக்கத்திலும்.

பட்டிமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அது தன் இடத்தில் இருந்தால் நல்ல பொருள். எபாக்ஸிமேல், 2 மி.மீ.க்கு மிகாமல், ஹார்டனர் அளவோடு கலந்து போடுங்கள். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் சுத்தியால் தூக்குங்கள். பாலியஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். அதனால் தண்ணீர் விடாமல் உலரத் தேய்க்க வேண்டும், கட்டையில் பேப்பர் சுற்றி, 80, 180, 320 என்று. கையால் தேய்த்தால் விரல் தடம் அலையாக விழும், பெயிண்ட் அடித்த பிறகு சாயங்கால வெயிலில் அது ஊருக்கே தெரியும்.

அதன்மேல் சர்ஃபேசர், வாட்டர் பேப்பர், பெயிண்ட். இதைப் பெயிண்டரிடம் விடுவதே மேல். ஹார்டனர் கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டின் புகையில் ஐசோசயனேட் இருக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலைக்குத் தேதி கொடுக்காதீர்கள். ஈரக் காற்றில் பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பால் படிந்த மாதிரி வெளுக்கும். தை பிறந்த பிறகு, பனி விலகிய காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

உள்பக்கம்

பெயிண்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று எல்லாரும் சாவியைக் கேட்பார்கள். வெல்டிங் வைத்த இடத்தின் பின்பக்கம் இன்னும் கருகி நிர்வாணமாகக் கிடக்கிறது. நீண்ட குழாய் முனை உள்ள கேவிட்டி வாக்ஸை ரன்னிங் போர்டு, கதவு அடி, டிக்கி ஓரம், கம்பப் பெட்டிகள் எல்லாவற்றுக்குள்ளும் அடியுங்கள். வடிதுளைகளிலிருந்து மெழுகு சொட்டினால்தான் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று பொருள். சொட்டி முடிந்ததும் துளைகளை ஊக்கால் திறந்துவிடுங்கள். அந்தக் காலத்தில், வண்டியில் ஓடி முடிந்த பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பார்கள். துருவுக்குக் கேட்கும்தான். ஆனால் ரப்பர் புஷ்ஷை ஊறவைக்கும், அடுத்த தடவை வெல்டிங் வைக்கும்போது எரியும், வீட்டு வாசல் தரையைப் பற்றி வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் குறித்து வைத்த ஒழுகல்களுக்கு இப்போது புது பீடிங் மாட்டுங்கள். வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடாதீர்கள், அடியில் வேர்க்கும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் கதவைத் திறந்து நிறுத்துங்கள்.

கார்பெட்டை மட்டும் உடனே மாட்ட வேண்டாம். முதல் பெருமழைவரை தரையில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். மழை விட்டதும் போய்ப் பாருங்கள். எங்கே நனைந்திருக்கிறதோ அங்கிருந்து மேலே விரலை ஓட்டினால் வந்த வழி கிடைக்கும். என் வண்டியில் இடது பக்கம் காய்ந்திருந்தது. வலது பக்கம், கிளட்ச் மிதிக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம்.